கேபினுக்குள் சப்பாத்தோடு

இந்த வருஷம் ட்ரக் யார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே, நீங்கள் என்னிடம் கேட்கத் தயங்குவதை நானே சொல்லிவிடுகிறேன். ஓம், உண்மைதான், என் இடதுகால் முழங்காலுக்குக் கீழே செயற்கை. ஆற்றில் குளிக்கும்போது சுறா கடித்தது என்று உங்களில் ஒருவருக்குச் சொன்னது நான்தான். மனைவி கோபத்தில் கழற்றி எடுத்து வைத்துவிட்டாள் என்று இன்னொருவருக்குச் சொன்னதும் நான்தான். இரண்டையும் நம்பியவர்கள் துறைமுகத்து வாசலில் யார் என்ன சொன்னாலும் இன்னொரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் ட்ரக் ஓட்டுவதை விட்டதற்கும் இந்தக் காலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. முதுகுதான் போதும் என்றது. கால் கடைசிவரை ஒரு முறைப்பாடும் வைக்கவில்லை. வலிக்கத் தெரியாத ஒரே உறுப்பு என்னிடம் அதுதான்.

ட்ரெயிலரை எப்படிப் பின்னால் எடுப்பது, கொன்டெய்னரை எப்படிப் பூட்டுவது என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதைச் சொல்லித்தர யார்டில் ஆட்கள் இருக்கிறார்கள். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லித்தருவார்கள். பயம் வந்தால் என்ன செய்வது என்பதைத்தான் எழுதலாம் என்று இருக்கிறேன். அதற்கு எனக்குத் தகுதி உண்டு. எங்கள் யார்டில் என்னளவுக்குப் பயந்தவன் எவனும் இருந்ததில்லை.

விபத்தைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. கெபெக்கில் ஒரு மாசி மாதக் காலை. யார்ட் முழுக்கக் கண்ணாடி விரித்ததுபோல் ஐஸ். சாமான் இறக்கும் மேடையோரம் நின்ற என்னை நோக்கி, ஓட்டுபவன் பிரேக்கில் ஏறி நின்றும் நிற்காமல், ஒரு ட்ரெயிலர் அவசரமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. உடம்பில் பெரும்பகுதி விலகிவிட்டது. இடதுகால் கொஞ்சம் பிந்திவிட்டது.

ஆஸ்பத்திரியில் விஷயம் விளங்கியதும் வைத்தியரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "இனி கிளச்சை எப்படி மிதிக்கிறது?" அவருக்குப் புரியவில்லை. என் பிரெஞ்சுதான் காரணம் என்று நினைத்து ஆங்கிலத்தில் கேட்டேன். அதுவும் புரியவில்லை. உடனே எனக்கு அழுகை வந்துவிட்டது. ட்ரக் போச்சு, தொழில் போச்சு, பிழைப்புப் போச்சு என்று கட்டிலில் கிடந்தபடி பெரிய ஒப்பாரி. பக்கத்துக் கட்டில்காரர் திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டார்.

மனைவி சுமதி என் மூக்கைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்: "இஞ்சேருங்கோ, உங்கட ட்ரக்கில கிளச் இல்லை. வாங்கேக்கையே ஓட்டோமற்றிக்."

நான் அழுகையை நிறுத்திவிட்டு யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். வருஷக் கணக்காக ஓட்டுகிறேன், மறந்துபோனேன். பயம் வந்தால் முதலில் போவது ஞாபகம். அடுத்ததாகப் போவது வெட்கம்.

ட்ரக் என் சொந்த ட்ரக். கம்பனிக்கு ஓடினேன், அவ்வளவுதான். ஆனால் காலை இழந்தவனுக்குப் பெரிய வண்டி அனுமதி சும்மா திரும்பி வராது. அரசாங்கத்துப் பரிசோதகர் ஒருவர் வந்து, கூட ஏறியிருந்து, ஓட்டுவதையும் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ட்ரக்கை விற்க வேண்டியதுதான்.

அந்த நாளுக்கென்று என் மைத்துனன் செல்வம் ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தான். செல்வம் சுமதியின் தம்பி. எங்கள் கம்பனியில் டிஸ்பாட்ச், யார் எந்தக் கொன்டெய்னர் பெட்டியை எடுக்க எங்கே போவது என்று சொல்கிற வேலை. பக்கத்து ஊரான லவாலில் இருந்து மினக்கெட்டு ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டிலருகே நின்று சொன்னான்: "அத்தான், ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. என்ர பக்கத்தில ஒரு கதிரை ஒழுங்குபடுத்தி வச்சிருக்கிறன். நல்ல கதிரை. சில்லுப் பூட்டினது."

அவன் அன்பில்தான் சொன்னான். எனக்கோ அன்று முதல் அந்தக் கதிரைதான், டிஸ்பாட்ச் மேசை நாற்காலிதான், கெட்ட கனவு. உருளச் சில்லு இருக்கிறது, ஆனால் எங்கேயும் போகாது. வாழ்நாள் முழுக்க அதில் குந்தியிருந்து மற்றவனை வீதிக்கு அனுப்பவேண்டும்.

புனர்வாழ்வு நிலையத்தில் எனக்குக் கால் செய்து தந்தவள் ஒரு கெபெக் பெண். இந்தத் தொழிலில் நான் கற்ற பெரிய பாடத்தை ட்ரக்கே ஓட்டத் தெரியாத அவளிடம்தான் கற்றேன். பெயரைப் போட்டால் வந்து உதைப்பாள், அதனால் வேண்டாம்.

காலைப் பொருத்தி நேராக்குவதற்கு முன் அவள் பொறுமையாகக் கேட்டாள். வேலையில் என்ன சப்பாத்து? பூட்ஸ் என்றேன். வீட்டில்? பூட்ஸ். ட்ரக்குக்குள்? பூட்ஸ். வெறுங்காலோடு எங்கேயாவது நடப்பியா? ஒருபோதும் இல்லை, எப்போதும் பூட்ஸ்.

ஏன் அப்படிச் சொன்னேன்? வீட்டில் செருப்போடும் சொக்ஸோடும் திரிகிற மனுசன் என்று தெரிந்தால், இவனுக்கு வேலைக்கால் எதற்கு, சும்மா ஒரு வீட்டுக்கால் போதும் என்று முடிவெடுத்துவிடுவாளோ என்று பயம். அப்படி இரண்டு வகைக் கால் இருப்பதாக எனக்கு யாரும் சொல்லவில்லை. நானே கண்டுபிடித்து, நானே பயந்தேன். ஒரு தமிழன், வீட்டுக்குள் பூட்ஸோடு நடக்கிறேன் என்று ஒரு அரசாங்க நிலையத்தில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கிறேன். அவள் தலையாட்டிவிட்டு, என் கனத்த பூட்ஸைப் போடவைத்து, அதற்கு அளவாகக் காலைச் சரிப்படுத்தினாள். பூட்ஸோடு நான் ராசா மாதிரி நடந்தேன்; வீட்டுக்கு வந்தால் காலையே கழற்றிவிட்டு ஊன்றுகோலில் திரிந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை சுமதி கோயிலுக்குப் போகவேண்டும் என்றாள். கோயில் டொலார்டில், எங்கள் வீட்டிலிருந்து காரில் கொஞ்ச நேரம். முருகனுக்கு ஒரு தேங்காய் நேர்ந்திருந்தாள். வாசலில் எல்லோரையும் போல் நானும் பூட்ஸைக் கழற்றித் தட்டில் வைத்தேன்.

உங்களுக்குக் கால் இருப்பதால் இது தெரிந்திருக்காது. பூட்ஸின் குதி உயரம். அந்த உயரத்துக்கு அளவாகச் செய்த கால், பூட்ஸைக் கழற்றியதும் குதி தாழ்ந்து ஆளைப் பின்னுக்குச் சாய்க்கும். உங்கள் கணுக்கால் வளைந்து சமாளித்துவிடும். என்னுடையது வளையாது. சமதரையில் நடக்கிறேன், மலை ஏறுவதுபோல் இருக்கிறது. சனம் பார்க்கிறதே என்று முகத்தில் ஒரு பக்தியை வைத்துக்கொண்டு ஏறினேன்.

மூலஸ்தானத்துக்கு முன்னால் தீபம் காட்டுகிற நேரம். எல்லோரும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார்கள். நானும் தூக்கினேன். அவ்வளவுதான் தேவைப்பட்டது. வெட்டின மரம் மாதிரி அப்படியே பின்பக்கம் போனேன்.

நல்லகாலம், பின்னால் நின்றவர் திடமான ஆள். சென்னைக்காரர், இங்கே பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவர். என்னை இரண்டு கமக்கட்டிலும் தாங்கிப் பிடித்துக்கொண்டு காதுக்குள் மெதுவாகச் சொன்னார்: "சார், சாமிக்கு முன்பக்கமா விழுவாங்க. நீங்க என்ன, ரிவர்ஸ்ல போறீங்க?"

"நான் ட்ரக் ஓட்டுறனான்," என்றேன். அந்த நேரத்தில் அதுதான் வாயில் வந்தது.

காரில் திரும்பி வரும்போது சுமதிதான் ஓட்டினாள். பாதி வழியில் கேட்டாள்: "கால் செய்த பிள்ளை உங்களிட்ட வெறுங்காலைப் பற்றிக் கேக்கேல்லையோ?"

"கேட்டவள்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

சொன்னேன். அவள் காரை ஓரத்தில் நிறுத்திவிட்டுத்தான் சிரித்தாள்.

திங்கட்கிழமை கால் செய்தவளிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவளும் சிரித்தாள். "பூட்ஸோட படுக்கிறனி எண்டே நினைச்சன்," என்றாள். அவள் பிரெஞ்சில் சொன்னதை என் தமிழில் தருகிறேன். "உன்ர மனுசியை நினைச்சு ஒரு கிழமையாப் பாவப்பட்டன்." பிறகு, கோயிலில் சொக்ஸுக்குள் குதிக்கு அடியில் வைக்க ஒரு ஆப்பு வெட்டித் தந்தாள். வீட்டுக்கு, பூட்ஸின் அதே குதி உயரத்தில் ஒரு சப்பாத்து வாங்கி, அதை வெளியே கொண்டுபோகாமல் வைத்துக்கொள்ளச் சொன்னாள். போகும்போது கதவடியில் கூப்பிட்டு நிறுத்தினாள். "நீ ஏலுமெண்டு சொல்லுறதை வச்சு நான் கால் செய்யேலாது. எதோட ஏலும், எதோட ஏலாது, அதைச் சொல்லு. மிச்சத்தை நான் பாக்கிறன்."

தலையாட்டினேன். விளங்கியதாக நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பரிசோதகர் வந்தது அடுத்த குளிர்காலத்தில். யார்டில் மறுபடியும் ஐஸ். அதற்கு முன்னால் என் கேபினைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டும். அடியில் மெல்லிய சாம்பல்நிறக் கம்பளம், எங்கள் பேச்சில் காப்பெற். ஸ்டியரிங்குக்கு மேலே முருகன், மயிலோடு. ஏறினதும் பூட்ஸைக் கழற்றி, ஆசனத்துக்குப் பின்னால் பழைய பேப்பரில் வைத்துவிட்டு, செருப்போடுதான் ஓட்டுவேன். வேறு யார் ஏறினாலும் அதே சட்டம். "அத்தான்ர ட்ரக்கில ஏறுறதெண்டா முழுகிப்போட்டு வரவேணும்," என்று செல்வம் எல்லோருக்கும் சொல்லிவைத்திருந்தான். அன்று செருப்புக்குப் பதிலாக அந்தச் சுத்தமான வீட்டுச் சப்பாத்து. குதி அளவு சரி. எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

பரிசோதகர் கதவளவு மனுசன். இரண்டு பூட்ஸிலும் சேறும் உப்பும் பனியும். போன்ஜூர் என்று வணக்கம் சொல்லி மறுபக்கக் கதவைத் திறந்து காலைத் தூக்கினார். என் வாய் என்னைக் கேட்காமலே பேசிவிட்டது.

"மெஸ்யூ, பூட்ஸைக் கழட்டிப்போட்டு."

என் பிழைப்பைக் கையில் வைத்திருக்கும் மனுசனுக்கு நான் சொன்ன முதல் வசனம் அது. அவர் என்னைப் பார்த்தார், கம்பளத்தைப் பார்த்தார், முருகனைப் பார்த்தார். "என்ர அம்மாவும் இப்பிடித்தான்," என்று சொல்லிவிட்டுக் கழற்றித் தந்தார். நான் வாங்கி என்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தேன். அவருடைய சொக்ஸில் ஓட்டை. பெருவிரல் வெளியே வந்து நின்றது. நாங்கள் இரண்டு பேரும் கண்ணாடிக்கு வெளியே பார்த்தோம்.

துறைமுகப் பக்கம் போய், நெடுஞ்சாலையில் ஏறி, திரும்பி வந்தோம். அந்த ஓட்டத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. எழுத ஒன்றும் இல்லாதபடி ஓட்டுவதுதான் நம் தொழில். யார்டில் கொண்டுவந்து நிறுத்தி, இயந்திரத்தையும் நிறுத்தி, மூச்சு விட்டேன்.

"புகை," என்றார் அவர் திடீரென்று. "கேபினுக்குள்ள புகை. இறங்கு."

நான் உண்மையாகவே மோந்து பார்த்தேன்.

"பரீட்சை," என்றார்.

கதவைத் திறந்து, முகத்தை ட்ரக் பக்கம் திருப்பி, கைப்பிடியைப் பிடித்து, படியில் காலை வைத்து, பழகினபடியே இறங்கினேன். அழகாக இறங்கினேன். நிலத்தில் கால் பட்டதும் அது போகத் தொடங்கியது. வீட்டுச் சப்பாத்தின் அடி வழுவழுப்பு. ஐஸில் அது நிற்காது என்று நான் யோசிக்கவில்லை, ஏனென்றால் அதோடு வெளியே இறங்குவேன் என்றே யோசிக்கவில்லை. இரண்டு கையாலும் கைப்பிடியில் தொங்கினேன், கொடியில் காயப்போட்ட சாரம் மாதிரி.

மேலேயிருந்து குரல் வந்தது. "நல்லது. இப்ப முன்பக்கத்தால சுத்தி என்ர பக்கம் வா."

டிஸ்பாட்ச் ஜன்னலில் செல்வத்தின் முகம் தெரிந்தது. அவனுக்குப் பக்கத்தில் கதிரையும் தெரிந்தது. நடந்தால் விழுவேன், விழுந்தால் கதிரை. நடக்கமாட்டேன் என்றால், கால் சரியில்லை என்று எழுதுவார், அதற்கும் கதிரை. மூன்றாவதாக, இந்த நகரத்தில் எத்தனையோ இக்கட்டுகளில் என்னைக் காப்பாற்றிய ஒரு வழி மிச்சம் இருந்தது. பிரெஞ்சு விளங்காதவன் மாதிரி நிற்பது.

"பார்டோன்?" என்றேன்.

அவர் அதையே ஆங்கிலத்தில் சொன்னார், எழுத்து எழுத்தாக.

கை விறைக்கத் தொடங்கியது. வலதுகாலும் நழுவத் தொடங்கியது. சரி, நடப்போம், விழுந்தால் எழும்புவோம் என்று ஒரு கையை எடுத்தேன். எடுத்ததும் உடம்பு எந்தப் பக்கம் போகப்போகிறது என்பது நன்றாகத் தெரிந்தது. திரும்பப் பிடித்துக்கொண்டேன்.

"நடக்க மாட்டன்," என்றேன்.

மேலே பேனை சொடுக்கும் சத்தம் கேட்டது.

"கால் நல்ல கால். சப்பாத்துத்தான் பிழை. இது வீட்டில போடுறது. இதோட இந்த ஐஸில ஒரு அடி வச்சாலும் விழுவன். பின்னால என்ர பூட்ஸ் கிடக்கு, எடுத்துத் தாங்கோ. அதைப் போட்டிட்டு நீங்கள் சொல்லுற இடமெல்லாம் நடக்கிறன்."

முடிந்தது என்று நினைத்தேன். பிறகுதான் காதில் விழுந்தது: யாரோ எதையோ துழாவுகிற சத்தம், பேப்பர் கிழிகிற சத்தம், ஒரு முனகல்.

"இதில எது உன்ர பூட்ஸ்?" என்று கேட்டார்.

நான் யோசித்தேன். கேபினுக்குள் புகை. நான் வெளியே இறங்கிவிட்டேன். இவர்?

"மெஸ்யூ," என்றேன், "நீங்கள் இன்னும் உள்ளுக்கோ இருக்கிறியள்?"

துழாவல் நின்றது. கொஞ்ச நேரத்தில் என் ஆசனத்துக்கு நகர்ந்து வந்து, கையில் ஒரு பூட்ஸோடு, ஓட்டைச் சொக்ஸோடு, கதவு வழியே என்னைக் குனிந்து பார்த்தார்.

"நான் செத்திட்டன்," என்றார் வெகு அமைதியாக.

என் பூட்ஸை ஒவ்வொன்றாக இறக்கித் தந்தார். படியில் குந்தியிருந்து மாற்றினேன். செயற்கைப் பாதம் பூட்ஸுக்குள் போவதற்கு நேரம் எடுக்கும், அவர் அவசரப்படுத்தவில்லை. போட்டதும் எழுந்து, ட்ரக்கை ஒரு முறை சுற்றிவந்தேன், மறுபடி ஏறினேன், மறுபடி இறங்கினேன். ஜன்னலில் செல்வம் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றான். நாங்கள் சண்டை பிடிக்கிறோம் என்று நினைத்தானாம்.

முடிவைப் பரிசோதகர் தன் பூட்ஸ் நாடாவைக் கட்டியபடி சொன்னார். "உன்ர கால் பாஸ். உன்ர காப்பெற் ஃபெயில். இனி இந்த ட்ரக்கில ஒருத்தரும் பூட்ஸைக் கழட்டேலாது. நீயும்தான். இறங்கி நிக்கேலாத சப்பாத்தோட ஓட்டவும் ஏலாது."

தம்பிமாரே, தங்கச்சிமாரே, அன்று பாடமெல்லாம் எனக்கு ஓடவில்லை; காற்சட்டை நனையாமல் இருந்ததே பெரிய காரியம். வீட்டுக்குப் போய்ச் சூடாகத் தேத்தண்ணி குடித்த பிறகுதான் கால் செய்தவள் கதவடியில் சொன்னது விளங்கியது. பயந்தவனுக்கு வீரன் மாதிரி நடக்கத் தெரியும், விளங்காதவன் மாதிரி நிற்கத் தெரியும். இரண்டாலும் விழுவான். "இதோட ஏலாது, அதோட ஏலும், அதைத் தாங்கோ" என்று கேட்பது வெட்கமாகத்தான் இருக்கும். ஆனால் கேட்டுப் பாருங்கள். மேலே இருக்கிறவனும் அந்த நேரம் தன்னுடைய பூட்ஸைத்தான் தேடிக்கொண்டிருக்கக்கூடும்.

அன்று பின்னேரம் எனக்கு இன்னொரு கவலை பிடித்துக்கொண்டது. பாஸ் என்ற சந்தோஷம் ஒரு பக்கம், முருகனுக்கு முன்னால் சேற்றுப் பூட்ஸோடு எப்படி ஏறுவது என்பது மறுபக்கம். படத்தை எடுத்து வீட்டில் வைத்துவிடவா என்று சுமதியிடம் கேட்டேன்.

அவள் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றாள். "ஏன் எடுப்பான்? காப்பெற்றை எடுங்கோ. ரப்பர் விரிப்புப் போடுவம், கழுவலாம். முருகன் இருக்கட்டும். அவற்ர மயில் என்ன, காலைக் கழுவிப்போட்டே அவரை ஏத்துது?"

அதற்குமேல் சாத்திரம் கதைக்க எனக்கு இடமில்லை.

திரும்பவும் வேலைக்குப் போன முதல்நாள். துறைமுகத்து வாசலுக்கு முன்னால் ட்ரக்குகள் வரிசை. பெட்டியின் பின்கதவைப் பார்க்க ஒருதரம் இறங்க வேண்டியிருந்தது. முகத்தை ட்ரக் பக்கம் திருப்பி, இரண்டு கையும் பிடியில், ஒவ்வொரு படியாக. நீங்களும் அப்படித்தான் இறங்கவேண்டும், இரண்டு காலும் சொந்தமாக இருந்தாலும்.

அதற்கு முந்தின ஒரு வருஷம் முழுக்க உலகம் என்னிடம் நல்லமாதிரி நடந்துகொண்டது. மெட்ரோவில் எழும்பி இடம் தந்தார்கள். கடைக் கதவைப் பிடித்துக்கொண்டு நான் வரும்வரை நின்றார்கள். ஒருவரும் குரலை உயர்த்தவில்லை. செல்வம்கூட என்னோடு கடன்காரன் மாதிரி மெதுவாகக் கதைத்தான். நான் பகிடி விட்டால் பாவம் என்று சிரித்தார்கள். அதைவிட ஒரு தண்டனை எனக்குக் கிடையாது.

பின்னால் நின்ற ட்ரக்காரன் ஹாரனை அடித்தான். நீளமாக, கையை எடுக்காமல். பிறகு கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே போட்டுத் திட்டத் தொடங்கினான். இந்த ஊர் ஆட்கள் கோபம் வந்தால் தேவாலயத்துச் சாமான்களின் பெயரைச் சொல்லித்தான் திட்டுவார்கள். அவன் பீடத்தில் தொடங்கிக் கிண்ணம்வரை ஒன்றையும் விடவில்லை. முடிவில் என் ஓட்டத்தைப் பற்றி, என் ட்ரக்கைப் பற்றி, என் சோம்பேறித்தனத்தைப் பற்றி. காலைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவனுக்கு நான் வழியை மறித்துக்கொண்டு நிற்கிற இன்னொரு ட்ரக்காரன், வேறொன்றுமில்லை.

என் கண் நிறைந்துவிட்டது. இறங்கிப்போய் அவன் கையைப் பிடித்து நன்றி, மெர்சி என்று சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் அது தொழில் முறை அல்ல. எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் நானும் நாலு சாமான் பெயர் சொல்லிவிட்டு, பின்கதவைப் பார்த்துவிட்டு, திரும்பிவந்து கைப்பிடியைப் பிடித்தேன்.

அவன் இன்னொரு தடவை அடித்தான். நான் இன்னும் கொஞ்சம் மெதுவாக ஏறினேன்.